முதல் கைத்துப்பாக்கி: கேட்லாக்கை மூடிவிட்டுக் கையைப் பாருங்கள்

"எந்தத் துப்பாக்கி நல்லது?" என்று கேட்டு வருகிறவர்களிடம் முதலில் கையை நீட்டச் சொல்வேன். விரல் எவ்வளவு நீளம், மூட்டுகளில் வலி உண்டா, பிடியில் எவ்வளவு வலு இருக்கிறது என்று பார்ப்பேன். வார இறுதிகளில் ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சிக் களத்தில், புதியவர்களுக்குச் சுடச் சொல்லிக்கொடுப்பவள் நான். வீட்டுக் காவலுக்கென்று வாங்கிய துப்பாக்கி ஒரு தடவை சுட்டதோடு அலமாரியில் முடங்கிப் போவதற்கு நான் பார்த்தவரை பெரும்பாலும் ஒரே காரணம்தான்: அது அவர்கள் கைக்கு ஒத்துவரவில்லை. துப்பாக்கியின் மேல்பாகமான ஸ்லைடை இழுக்க முடியவில்லை, சுட்டால் மணிக்கட்டு வலிக்கிறது, அதனால் பழகுவதில்லை. பழகாத துப்பாக்கியை வீட்டில் வைத்திருப்பதைவிட வைத்திருக்காமலே இருக்கலாம்.

கைக்கு முன்னால் சட்டம். எல்லா நாட்டிலும் இது கடையில் போய் வாங்கிவரும் பொருள் இல்லை. பிரிட்டனில் 1997 முதல் கைத்துப்பாக்கிக்கு ஏறக்குறைய முழுத் தடை. ஆஸ்திரேலியாவில் தற்காப்பு என்று காரணம் எழுதினால் லைசென்ஸ் கிடைக்காது. இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். 9 எம்எம் தோட்டா அங்கே பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட ரகம், அதனால்தான் பலரிடம் .32 ரிவால்வர் இருக்கிறது (.32, .38 என்பதெல்லாம் அங்குலக் கணக்கில் தோட்டா ரகத்தின் பெயர்). அமெரிக்காவில்கூட மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். சில இடங்களில் மேகசினில், அதாவது தோட்டா அடைக்கும் கூட்டில், 10 தோட்டாவுக்கு மேல் போடக் கூடாது. வாங்குவது, பூட்டி வைப்பது, வீட்டுக்குள் எப்போது சுடலாம் என்பது, மூன்றையும் உங்கள் ஊர் சட்டத்தில் படித்துவிட்டு மேலே போங்கள்.

இன்னொன்றையும் தயங்காமல் கேட்டுவிடுவேன். வீட்டில் யாருக்காவது மனச்சோர்வு, தற்கொலை எண்ணம், குடிப்பழக்கம், கைநீட்டும் கோபம் உண்டா? உண்டு என்றால் இப்போது வாங்காதீர்கள். கலிஃபோர்னியாவில் கோடிக்கணக்கான பேரின் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2020இல் வெளியானது. கைத்துப்பாக்கி வைத்திருப்பவர்கள் தற்கொலையில் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம் என்று அதில் தெரிந்தது. திருடனுக்கென்று வாங்குவது வீட்டு ஆளுக்கே வினையாகும் என்பது வெறும் பேச்சில்லை. அதோடு, கதவின் பூட்டுத் தகட்டைப் பிடித்திருக்கும் குட்டித் திருகுகளைக் கழற்றிவிட்டுச் சுவர்வரை இறங்கும் நீளத் திருகு போடுவதும், வாசலில் ஆள் நடமாட்டத்துக்கு எரியும் விளக்கு வைப்பதும் எந்தத் துப்பாக்கிக்கும் முன்னால் செய்யவேண்டிய வேலை. செய்தாயிற்றா? சரி, துப்பாக்கிக்கு வருவோம்.

ரிவால்வரா பிஸ்டலா என்பதுதான் முதல் பிரிவு. ரிவால்வரில் உருளை சுற்றும், ஐந்தோ ஆறோ தோட்டா, விசையை (ட்ரிகர்) இழுத்தால் சுடும். தோட்டா வெடிக்காவிட்டால் மறுபடி இழுத்தால் அடுத்தது வரும். பிடி தளர்ந்திருந்தாலும் சிக்காது. மாதக்கணக்கில் தொடாமல் வைத்தாலும் பெரும்பாலும் முரண்டு பிடிக்காது. இதெல்லாம் நல்லதுதான். ஆனால் பின்னால் இருக்கும் சுத்தியலைக் கையால் பின்னிழுக்காமல் சுடும்போது விசையின் கனம் சாதாரணமாக ஐந்து கிலோவுக்கு மேல் போகும். அத்தனை கனத்தை இழுக்கும்போது குழல் இடப்பக்கமோ கீழேயோ சாயாமல் வைத்திருக்க நல்ல பழக்கம் வேண்டும்.

இங்கே ஒரு வயிற்றெரிச்சலைச் சொல்லியாக வேண்டும். பெண் என்றாலே, வயதானவர் என்றாலே, கடைக்காரர்கள் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்து நீட்டுவது இரண்டு அங்குலக் குழல் கொண்ட, அரைக் கிலோகூட இல்லாத குட்டி ரிவால்வரை. "உங்க கைக்கு அடக்கமா இருக்கும்மா" என்பார்கள். அடக்கமாகத்தான் இருக்கும், சுடும்வரை. துப்பாக்கி எவ்வளவு இலேசோ உதை அவ்வளவு அதிகம்; அதே தோட்டாவை ஒரு கிலோ ரிவால்வரில் சுட்டால் தள்ளுவது போலிருக்கும், இதில் அறைவது போலிருக்கும். குழல் குட்டையானதால் குறி பார்க்கும் இரண்டு முனைகளும் நெருங்கிவிடும், சின்னத் தவறும் இலக்கில் பெரிதாகிவிடும். குட்டித் துப்பாக்கி கைதேர்ந்தவர்களுக்கானது. பையில் மறைத்துக் கொண்டுபோகச் செய்தது அது. வீட்டில் யாரிடமிருந்து மறைக்கப் போகிறோம்? வீட்டுக்கென்றால் முழு அளவு, அல்லது அதற்கு ஒரு படி கீழே. ரிவால்வர்தான் வேண்டும் என்றால் நான்கு அங்குலக் குழல், இரும்பு உடற்சட்டம் (ஃபிரேம்), .38 ஸ்பெஷல் தோட்டா. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 10 என்ற ரகம் 1899இல் தொடங்கிய வம்சம். பல நாட்டுப் போலீஸ்காரர்களின் இடுப்பில் இருந்தது. பழையது ஒன்று நல்ல நிலையில் கிடைத்தால் மட்டமாக நினைக்காதீர்கள்.

பிஸ்டல் என்றால் கைப்பிடிக்குள் மேகசின், மேலே முன்பின் நகரும் ஸ்லைடு; அதைப் பின்னே இழுத்து விட்டால்தான் முதல் தோட்டா ஏறும். இப்போது முதல் துப்பாக்கியாகப் பெரும்பாலோர் வாங்குவது இதைத்தான், நானும் பெரும்பாலோருக்கு இதைத்தான் சொல்வேன். ஆஸ்திரிய ராணுவம் 1982இல் க்ளாக் 17 என்ற பிஸ்டலை எடுத்துக்கொண்ட பிறகு பிளாஸ்டிக் உடற்சட்டம், சுத்தியல் வெளியே தெரியாத அமைப்பு, ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இழுபடும் விசை என்பது உலகப் பழக்கமாகிவிட்டது. விசை இரண்டரைக் கிலோ அளவில் இழுபடும். உதை குறைவு, தோட்டா கூடுதல், உதிரி பாகம் எங்கும் கிடைக்கும். க்ளாக் 19, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எம் அண்ட் பி, வால்தர் பிடிபி, இந்த வரிசையில் எதை எடுத்தாலும் நல்ல துப்பாக்கிதான். இவற்றுக்குள் எது உசத்தி என்று மணிக்கணக்கில் வாதாடுபவர்கள் உண்டு. அவர்களை விட்டுவிட்டு உங்கள் கையைப் பாருங்கள்.

கையில் பார்க்க வேண்டியவை மூன்று.

முதலாவது, விசைக்கு விரல் எட்டும் தூரம். துப்பாக்கி காலியா என்று கடைக்காரர் காட்டட்டும், நீங்களும் பாருங்கள், பிறகு எடுங்கள். குழல் உங்கள் முன்னங்கை எலும்போடு நேர்கோட்டில் இருக்கும்படி பிடியுங்கள். இப்போது ஆள்காட்டி விரலின் நுனிச் சதை விசையின் நடுவில் படிகிறதா? நுனி மட்டும் தொட்டால் இழுக்கும்போது துப்பாக்கி ஒரு பக்கம் தள்ளப்படும். எட்டுவதற்காகக் கையைத் திருகிப் பிடிக்க நேர்ந்தால் உதை முழுவதும் கட்டைவிரல் மூட்டில் இறங்கும். இப்போது பல ரகங்களில் கைப்பிடியின் பின்பக்கத் தகட்டை மாற்றிப் பெரிது சிறிதாக்கலாம். பெட்டியிலேயே இரண்டு மூன்று அளவு இருக்கும். கேளுங்கள், மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். என் கை சிறியது, மிகச் சிறிய தகடு போட்டால்தான் எனக்குச் சரிவரும்.

இரண்டாவது ஸ்லைடு. இதில்தான் பலர் தோற்றுப்போய் "எனக்கு பிஸ்டல் வராது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பாதிப் பேருக்குக் குறை வலுவில் இல்லை, இழுக்கும் விதத்தில்தான். கையை நீட்டிக்கொண்டு இரண்டு விரலால் கிள்ளி இழுத்தால் யாருக்கும் வராது. துப்பாக்கியை மார்புக்கு அருகே கொண்டுவாருங்கள். குழல் ரேஞ்சின் முன்பக்கம் மட்டும் பார்க்கட்டும், விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும். இடது கையின் உள்ளங்கை முழுவதையும் ஸ்லைடின் மேல் கவிழ்த்து, நான்கு விரலாலும் இறுக்கிப் பிடியுங்கள். ஸ்லைடை இழுக்காதீர்கள், அதை அப்படியே பிடித்துக்கொண்டு வலது கையால் துப்பாக்கியை முன்னே குத்துங்கள். கடைசியில் ஸ்லைடை விட்டுவிடுங்கள், அதுவே பாய்ந்து மூடட்டும். கூடவே போய் மெதுவாக மூடிவைத்தால் தோட்டா சரியாக ஏறாது.

இப்படிச் செய்தும் வரவில்லை என்றால் வேறு துப்பாக்கி. முடக்குவாதத்தில் விரல் மூட்டெல்லாம் வீங்கிய ஓர் அம்மா என்னிடம் வந்தார். "சின்னத் தோட்டா போடுகிற துப்பாக்கி என்றால் ஸ்லைடு இலேசாக இருக்கும் இல்லையா?" என்றார். அதுதான் இல்லை. .380 தோட்டா போடும் பழைய வடிவங்கள், 1931இல் வந்த வால்தர் பிபிகே போன்றவை, குழலைப் பூட்டும் அமைப்பு இல்லாமல் ஸ்பிரிங்கின் விறைப்பையும் ஸ்லைடின் எடையையும் மட்டும் நம்பி இயங்குபவை. தோட்டா சிறிது, ஸ்லைடோ கல். அவருக்குக் கடைசியில் பொருந்தியது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 2018இல் கொண்டுவந்த ஷீல்ட் ஈஇசட். ஸ்லைடு இலேசாக இழுபடுவதற்கென்றே செய்தது, மேகசினில் தோட்டா அடைக்கவும் பக்கவாட்டில் பொத்தான் வைத்தது. முதலில் .380இல் வந்தது, பிறகு 9 எம்எம்மிலும் வந்தது. ஸ்லைடை இழுத்துவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்துத் தடத்தில் சுட்டுக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

மூன்றாவது, பிடி நழுவுகிறதா என்பது. சுண்டு விரல் காற்றில் தொங்கினால் கைப்பிடி குட்டை. இலேசான பிஸ்டலைத் தொளதொளவென்று பிடித்தால் ஸ்லைடு முழுதாகப் பின்னே போகாமல் அடுத்த தோட்டா சிக்கிக்கொள்ளும். பிடி வலுவே இல்லாதவருக்கு நான் ரிவால்வர் சொல்வது இதனால்தான். வீட்டில் இன்னொருவரும் இதை எடுக்க வேண்டி வரலாம் என்றால், இரண்டு பேரில் சிறிய கைக்கு வாங்குங்கள். பெரிய கை சிறிய பிடியைச் சமாளித்துக்கொள்ளும்.

தோட்டா ரகம் பற்றி நீளமாகப் பேச எனக்கு விருப்பமில்லை. சட்டம் அனுமதித்தால் 9 எம்எம். .45தான் ஆண்பிள்ளைக்கு அழகு என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் இன்னும் உண்டு. 1986இல் மியாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் இரண்டு ஏஜென்ட்களை இழந்த பிறகு அமெரிக்க மத்தியப் புலனாய்வுத் துறையான எஃப்பிஐயே பெரிய தோட்டாவைத் தேடிப் போயிற்று. முதலில் 10 எம்எம், பிறகு .40. அடுத்த இருபது முப்பது ஆண்டுகளில் தோட்டாவின் வடிவமைப்பு முன்னேறியது, ஏஜென்ட்கள் 9 எம்எம்மில் வேகமாகவும் துல்லியமாகவும் சுடுவது தெரிந்தது, 2010களின் நடுவில் மறுபடி 9 எம்எம்முக்கே திரும்பிவிட்டார்கள். சம்பளம் வாங்கிக்கொண்டு பழகும் அவர்களுக்கே அப்படி என்றால் நமக்கு என்ன? உதை தாங்கவே தாங்காது என்றால் .380. அதற்கும் கீழே .22 இருக்கிறது, பழகுவதற்கு அருமை, ஆனால் அடிவிளிம்பில் பற்றவைக்கும் மருந்து வைத்த தோட்டா என்பதால் வெடிக்காமல் போவது மற்றவற்றைவிட அதிகம். வேறு எதையும் பிடிக்க முடியாதவருக்கு மட்டும் அது.

தோட்டாவிலும் இரண்டு வகை வாங்க வேண்டும். பழகுவதற்கு முழுவதும் செம்பு உறை போட்டது, விலை குறைந்தது. வீட்டில் வைப்பதற்கு முனையில் குழியுள்ளது, ஹாலோ பாயின்ட், அதையும் சட்டம் அனுமதிக்கும் இடத்தில். குழி முனை உடலில் பட்டதும் விரிந்து வேகம் இழக்கும். உறைத் தோட்டா உள்ளே புகுந்து மறுபக்கம் வெளியேறி அடுத்த ஆளைத் தேடும். எஃப்பிஐ தன் சோதனையில், உடல் சதைக்குப் பதிலாக வைக்கும் ஜெலட்டின் கட்டிக்குள் 12 முதல் 18 அங்குலம் போய் நிற்கும் தோட்டாவைத்தான் ஏற்கிறது. ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம்: எந்தக் கைத்துப்பாக்கித் தோட்டாவும், ஹாலோ பாயின்ட் உட்பட, பலகைத் தடுப்பையும் ஜிப்சம் சுவரையும் துளைத்துக்கொண்டு போகும். செங்கல், கான்கிரீட் சுவர் என்றால் தெறித்துத் திரும்பலாம். எந்த அறையில் யார் படுக்கிறார்கள், எந்தத் திசையில் சுடவே கூடாது என்று பகல் வெளிச்சத்தில் வீட்டைச் சுற்றி வந்து பாருங்கள்.

வாங்கும் முன் சுட்டுப் பாருங்கள். துப்பாக்கி வாடகைக்குத் தரும் ரேஞ்ச் இருந்தால் அந்தப் பணம் வீணே இல்லை. இலக்கைத் தள்ளி வைத்துப் பெருமைப்பட வேண்டாம். வீட்டுக்குள் நடப்பதெல்லாம் 3 முதல் 7 மீட்டருக்குள். மூன்று துப்பாக்கிகளை எடுத்தால் மாற்றி மாற்றிச் சுடுங்கள், கை களைத்த பிறகு மறுபடி ஒவ்வொன்றிலும் ஒரு மேகசின் சுடுங்கள். களைத்த கையில் எது இன்னும் உள்ளங்கை அளவு வட்டத்துக்குள் போடுகிறதோ அதுதான் உங்கள் துப்பாக்கி. முதல் மேகசினை நம்பாதீர்கள், அதில் எல்லோரும் உற்சாகத்தில் இருப்பார்கள்.

சேஃப்டி பொத்தான் வேண்டுமா என்று கேட்பார்கள். இரண்டும் சரி. பொத்தான் இருக்கும் ரகம் வாங்கினால், ஒவ்வொரு தடவை பழகும்போதும் அதைத் தட்டிவிட்டே சுடுங்கள். கைக்கே பாடமாகாவிட்டால் பதற்றத்தில் விசை இழுபடவில்லையே என்று விழிப்பீர்கள். மேலே பொருத்தும், சிவப்புப் புள்ளியால் குறி காட்டும் சைட் பற்றி என் கருத்து: கண் மங்கியவர்களுக்கு நல்லது, மற்றவர்கள் முதல் வருடம் குழலின் மேல் இருக்கும் சாதாரண இரும்பு சைட்டிலேயே (குறி பார்க்கும் முனைகள்) பழகலாம். புதியவர்கள் பாதி நேரம் புள்ளி எங்கே என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

விளக்கு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். இருட்டில் நிற்பது யார் என்று தெரியாமல் சுடுவதற்கு மன்னிப்பே கிடையாது. தண்ணீர் குடிக்க எழுந்த பையன், முன்கூட்டியே ஊரிலிருந்து வந்துவிட்ட கணவர், இப்படி இறந்தவர்கள் எத்தனையோ பேர். துப்பாக்கியில் பொருத்தும் விளக்கு இருந்தாலும் தனியாக ஒரு கை டார்ச் கட்டாயம் பக்கத்தில் இருக்க வேண்டும். ஏனென்றால் துப்பாக்கி விளக்கால் ஒருவர் முகத்தைப் பார்த்தால் குழலும் அந்த முகத்தைத்தான் பார்க்கிறது. அமெரிக்கத் துப்பாக்கிப் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பர் வகுத்த நான்கு விதிகளை ரேஞ்சில் எல்லோரும் ஒப்பிப்பார்கள்: எல்லாத் துப்பாக்கியும் நிரம்பியது என்றே கொள், அழிக்க விரும்பாத எதன் மீதும் குழலைத் திருப்பாதே, குறி சேரும்வரை விசையில் விரல் வைக்காதே, இலக்கும் அதற்குப் பின்னால் இருப்பதும் எது என்று அறிந்துகொள். வீட்டு இருட்டில் நான்காவதுதான் முதலில் உடைகிறது.

இப்போது பெட்டி. துப்பாக்கிக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கைச் சேஃபுக்கு, அதாவது பூட்டுப் பெட்டிக்கு, முதலிலேயே எடுத்து வையுங்கள், மிச்சத்தில் துப்பாக்கி பாருங்கள். தலையணைக்கு அடியில், பீரோவின் மேல்தட்டில் என்பதெல்லாம் பூட்டு ஆகாது. வீட்டில் எதை எங்கே ஒளித்தாலும் குழந்தைகளுக்குத் தெரியும். இருட்டில் தடவித் திறக்கக்கூடிய, ஐந்து பொத்தான்களை அழுத்தித் திறக்கும் இயந்திரப் பூட்டு எனக்குப் பிடித்தது, பேட்டரி தேவையில்லை. கைரேகை வகை வேகமாகத் திறக்கும், ஈரக் கையிலும் வியர்த்த விரலிலும் சில நேரம் அடம்பிடிக்கும். எதுவானாலும் தரையிலோ சுவரிலோ போல்ட் போட்டு இறுக்குங்கள், இல்லாவிட்டால் திருடன் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போவான். விசையை மறைத்து மாட்டும் பூட்டைத் தோட்டா நிரம்பிய துப்பாக்கியில் மாட்டவே கூடாது. மாட்டும்போதே விசையில் பட்டுவிடலாம். புதியவர்களுக்கு நான் சொல்வது: மேகசின் நிரம்பி, சேம்பர் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) காலியாக, சேஃபுக்குள். ஸ்லைடை ஒரு தடவை இழுக்கும் நேரத்தில் தூக்கக் கலக்கமும் கொஞ்சம் தெளியும்.

வாங்கிய பிறகு, வீட்டில் வைக்கப்போகும் அதே ஹாலோ பாயின்ட் தோட்டாவை அதே மேகசின்களில் போட்டுச் சில பெட்டிகளாவது சுட்டுப் பாருங்கள். சில துப்பாக்கிக்குச் சில முனை வடிவம் பிடிக்காது, சேம்பர் வாயில் முட்டி நிற்கும். காதுக்கு மறைப்பு இல்லாமல் ஒரு தடவைகூட வேண்டாம். 140 டெசிபலைத் தாண்டும் ஒரே வெடிச்சத்தம் காதைக் கெடுக்கப் போதும், 9 எம்எம் ஏறக்குறைய 160. வீட்டில் பழக விசையை மட்டும் வெறுமையாக இழுத்துப் பயிற்சி செய்யலாம்: தோட்டா எல்லாம் வேறு அறையில், சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் சோதித்து, குழல் கனமான சுவரைப் பார்க்கட்டும். முடிந்ததும் "முடிந்தது" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் பூட்டுங்கள். இன்னும் ஒரே ஒரு தடவை என்று மறுபடி எடுக்கும்போதுதான் சுவரில் ஓட்டை விழும்.

ராத்திரி சத்தம் கேட்டால் என்ன செய்வது என்பதும் வாங்குவதில் சேர்ந்ததுதான். அறை அறையாகத் தேடிப் போகாதீர்கள். வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே அறைக்குள் வந்து, கதவைப் பூட்டி, போலீசுக்குப் போன் செய்து, யார் யார், எந்த அறையில் இருக்கிறோம், கையில் துப்பாக்கி இருக்கிறது என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். போலீஸ் உள்ளே வரும்போது கையில் அது இருக்கக் கூடாது. சேஃபை எந்த அறையில் வைப்பது என்ற கேள்விக்கும் இதுவே விடை: எல்லோரும் ஒதுங்கப்போகும் அந்த அறையில், கதவிலிருந்து பார்த்தால் தெரியாத பக்கம், நீங்கள் படுக்கும் இடத்திலிருந்து எழாமலே கை எட்டும் உயரத்தில்.